தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாமலிருக்க: நண்பர்களோடு கச்சேரி கேட்டுப் பழகிய குறிப்புகள்

மார்கழிக் கச்சேரிக்குப் புதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் சொல்லித்தருவது ராகப் பெயரைத்தான். அங்கேதான் கோளாறு. ராகம் பிடிபட வருஷங்கள் ஆகும். தாளம் இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். கைக்கு வேலை இருந்தால் அது செல்போனைத் தேடாது. பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்திலும் எழுந்து போகத் தோன்றாது.

முதல் வாரம், வீட்டில்: ஆதி தாளம் மட்டும். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு (உள்ளங்கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. மொத்தம் 8. ஏதாவது ஒரு பதிவை ஓடவிட்டு 10 நிமிஷம் பிசகாமல் போட வந்தால் போதும். சறுக்குவது இரண்டு இடத்தில். பல பாட்டுகள் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. தட்டு விழுந்து சற்றுத் தள்ளித்தான் எடுப்பு. பாட்டின் முதல் எழுத்தையே 1 என்று வைத்துக்கொண்டால் கடைசிவரை கணக்கு உதைக்கும். இன்னொன்று இரண்டு களை: ஒவ்வொரு எண்ணிக்கையையும் இருமுறை போட வேண்டும், ஆகவே ஒரு சுற்றுக்கு 16. பிரதான உருப்படி, அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டு, பெரும்பாலும் இப்படி நிதானமாகத்தான் வரும்.

இரண்டாம் வாரம்: ரூபக தாளத்தை மேடையில் பலரும் தட்டு, தட்டு, வீச்சு என்று 3 ஆகப் போடுவார்கள். மிஸ்ர சாபு 7: ‘தகிட தகதிமி’. கண்ட சாபு 5: ‘தக தகிட’. இந்த நாலு தாளம் தெரிந்தால் வழக்கமான கச்சேரியில் முக்கால்வாசி கைக்குள் வந்த மாதிரி.

முதல் நேரடிக் கச்சேரிக்குப் பெரிய பெயர்களைத் தேட வேண்டாம். பல சபாக்களில் பகல் வேளையில் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். அநேகமாக டிக்கெட் கிடையாது, நேரமும் குறைவு. பிரபலத்தின் இரண்டரை மணிநேர மாலைக் கச்சேரியில் புதியவரை உட்காரவைத்தால் ஒரு மணிநேரத்தில் கேண்டீன் வாசனை ஜெயித்துவிடும்.

இடம்: ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வேண்டாம், மிருதங்கம் மட்டும் மண்டையில் இடிக்கும். பாடகரின் தொடை தெரிகிற மாதிரி நடுவில், நாலைந்து வரிசை தள்ளி உட்காருங்கள். தாளம் விழுவது அந்தத் தொடையில்தான். உங்கள் தாளம் சத்தமில்லாமல் விரல் நுனியில் இருக்கட்டும். பக்கத்து மாமா முறைத்தால் நியாயம் அவர் பக்கம்.

நாலு பேருக்கு மேல் கூட்டம் சேர்க்காதீர்கள். இலவசக் கச்சேரியில் சேர்ந்தாற்போல் இருக்கை கிடைக்காது. துண்டு போட்டு இடம் பிடித்தால் சண்டைதான் மிச்சம். ஒருவர் தாளம் போடட்டும், இன்னொருவர் உருப்படி, ராகம், தாளம், தொடங்கிய நேரம் நாலையும் குறிக்கட்டும். காதில் கிசுகிசுத்து விளக்குவது கூடவே கூடாது. பேச்செல்லாம் கேண்டீனில்.

இனி தனி ஆவர்த்தனம். அரங்கமே காபிக்குக் கிளம்பும் நேரம் இது. ஆனால் மொழியும் ராகமும் தெரியாத நண்பருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறி வாசிக்கும். குறைப்பு என்ற பகுதியில் ஒருவர் வாசிப்பதை மற்றவர் வாங்கிக்கொள்ளும் அளவு 8, 4, 2, 1 எண்ணிக்கை என்று சுருங்கிக்கொண்டே வரும். அதை எண்ணச் சொல்லுங்கள். பிறகு மோரா என்ற சிறு முடிப்பு, கோர்வை என்ற நீண்ட முடிப்பு. கோர்வை வழக்கமாக மூன்று முறை வரும். மூன்றாவது முறை முடிந்து பாடகர் விட்ட வரியை மறுபடி எடுக்கும் அந்த இடத்தில் நண்பரின் கையும் சரியாக வந்து விழுந்தால், அடுத்த கச்சேரிக்கு அவரே தேதி கேட்பார். தாளம் நடுவில் தவறுவது சகஜம்: மிருதங்கம் வேண்டுமென்றே தட்டுக்குத் தள்ளி அழுத்தம் கொடுக்கிறது, காது அதன் பின்னால் ஓடிவிடுகிறது. காதை நம்பாமல் பாடகரின் கையைப் பார்த்து மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ராகம், அதுவும் இரண்டே இரண்டு. சங்கராபரணமும் கல்யாணியும். ஏழு சுரத்தில் மத்தியமம் (‘ம’) ஒன்றுதான் வித்தியாசம்: முதலதில் சுத்த மத்தியமம், அடுத்ததில் அதைவிடச் சற்று உயர்ந்த பிரதி மத்தியமம். தம்புரா செயலியை ஓடவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றி முணுமுணுத்தால் வேறுபாடு தொண்டைக்கே தெரியும். பட்டியல் போட்டு 20 ராகம் மனப்பாடம் செய்தவர்கள் ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது) முழுக்க ஊகப் போட்டி நடத்துகிறார்கள், பாட்டு காதில் விழுவதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி போதும். இரண்டாவதில் தூக்கம்தான் சுருதி சேரும்.

அடுத்த கட்டம் ராகம் தானம் பல்லவி: ராகத்தை விரித்து, தானம் பாடி, பிறகு ஒரே வரியைத் தாளத்தில் விரிக்கும் பெரிய உருப்படி. பல்லவி வரியை எழுதிவைத்துக்கொண்டு, தாளத்தை மாற்றாமல் அதே வரி இரட்டை வேகத்தில் எங்கே முடிகிறது என்று கையில் போட்டுப் பார்க்க வேண்டும்.