பழி கரண்ட் மேல்

திருமங்கலத்தில் ஆல்பம் டிசைனும் பிளெக்ஸ் பேனர் வேலையும் செய்கிறேன். எங்கள் பக்கம் காதணி விழா பேனர் என்றால் தாய்மாமன் வகையறா முழுக்க நாற்பது முகமாவது வேண்டும். ஒருத்தர் படம் விட்டுப்போனால் பந்தலிலேயே சண்டை. பழைய கம்ப்யூட்டர் இந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு புதிதாக ஒன்றை நானே அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ராம். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தது. நிரப்பத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு ஜோடி வாங்கி, 16 ஜிபி வீதம் நாலையும் செருகினேன். ராம் அட்டையில் 6000 என்று போட்டிருந்தது. பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன்பே திறக்கிற போர்டின் செட்டிங்கில், எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும் என்றார்கள், செய்தேன்.

முதல் தடவை பல நிமிஷம் திரை கறுப்பாகவே கிடந்தது. டிடிஆர்5-ல் இது வழக்கம்தான். போர்டு ராமோடு ஒத்துப்போகப் பழகுகிற நேரம் அது, மெமரி டிரெய்னிங் என்பார்கள். நாலு ராம் இருந்தால் இன்னும் இழுக்கும். எனக்கு அது தெரியாது. போர்டே போச்சு என்று அரைமணி நேரம் வியர்த்தேன்.

மூன்றாம் நாள் வினை ஆரம்பித்தது. 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டை ஜேபெக் ஆக்கும்போது திரை நீலமாகி ரீஸ்டார்ட் ஆனது. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று எழுதியது, மறுநாள் வேறொன்று. சில நேரம் நீலம்கூட இல்லாமல் பொசுக்கென்று அணைந்தது. விண்டோஸ் குறிப்பெழுதி வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல்-பவர் 41 என்று வரிசையாக நின்றது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததுமே கரண்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அந்த 41, முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனதை விண்டோஸ் அடுத்த தடவை எழுந்ததும் எழுதிவைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை.

சூட்டையும் சந்தேகப்பட்டேன். வேலை ஓடும்போது பார்த்தால் பிராசஸர் எண்பது டிகிரியைத் தாண்டவில்லை. அதன் வரம்பு 95. சரி, சூடு இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, கேபினட்டைப் போர்வையில் சுற்றி பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய், டவுன்ஹால் ரோடு பக்கம் தெரிந்த கடையில் இறக்கினேன். அங்கிருந்த தம்பி பேட்டரியைக் கழற்றி மாட்டி பயாஸை ரீசெட் செய்தார், கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தார், என்னுடையதையே திரும்ப மாட்டி மாலை வரை ஓட்டினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. “மிஷின்ல ஒண்ணும் இல்லண்ணே. உங்க வீட்டு கரண்டப் பாருங்க.”

அதை நம்புவதற்கு எனக்குக் காரணமும் இருந்தது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து மீட்டரை வைத்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி வர வேண்டியது 110 காட்டியது. தோண்டிப் பார்த்தால் எர்த் கம்பி பைப்பிலிருந்து அறுந்து துருவாகக் கிடந்தது. புதுக் கம்பி, குழிக்கு உப்பும் கரியும், தினம் ஒரு குடம் தண்ணீர். அம்மா துளசிக்கு ஊற்றும்போதே அதற்கும் ஊற்ற ஆரம்பித்தார். கூடவே ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினேன்.

ஷாக் நின்றது. கம்ப்யூட்டரும் இரண்டு நாள் அருமையாக ஓடியது. அப்புறம் எதற்கோ பயாஸுக்குள் போனேன். எக்ஸ்போ ஆஃப் ஆகியிருந்தது. கடையில் என் செட்டிங்கைக் கலைத்துவிட்டார்களே என்ற எரிச்சலோடு திரும்ப ஆன் செய்தேன். அன்று ராத்திரியே நீலத் திரை. இந்தத் தடவை வைகாசி முகூர்த்த ஆல்பம் ஒன்றும் போனது. சேமித்த ஃபைல் திறக்கவே இல்லை, பதினெட்டு ஷீட்டை மறுபடி செய்தேன்.

அந்த ஷீட்களைத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கடையில் நிற்காமல் ஓடியது, எர்த் போட்ட பிறகு ஓடியது, இரண்டு தடவையும் எக்ஸ்போ ஆஃபில் இருந்தது.

ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமைப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டினேன். நாலு ராம், 6000 வேகம்: இருபது நிமிஷத்துக்குள் பிழை காட்டும் சிவப்பு வரிகள். ஒரு ஜோடியை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட்டு அதே 6000-ல் விட்டேன். ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. மறுநாள் அடுத்த ஜோடி, அதுவும் சுத்தம். எந்த ராமும் கெட்டதில்லை. எக்ஸ்போ இல்லாமல் நாலையும் போட்டேன், வேகம் தானாக 3600-க்கு இறங்கியது, பிழை இல்லை.

அதற்கப்புறம்தான் பிராசஸரின் விவரப் பக்கத்தைப் படித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியது. இரண்டு ராம் என்றால் 5200, நாலு என்றால் 3600, அதுதான் உத்தரவாதமான வேகம் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அதற்கு மேல் போனால் ஓவர்கிளாக் கணக்கு, அதாவது உத்தரவாதத்தைத் தாண்டி விரட்டுவது. இரண்டு ராம் 6000-ல் ஓடுவது சகஜம். நாலைக் கட்டி அந்த வேகத்தில் இழுப்பது பிராசஸருக்குள் இருக்கிற மெமரி கன்ட்ரோலருக்குப் பெரும்பாடு.

64 ஜிபியை 3600-ல் ஓட்டலாமா, 32 ஜிபியை 6000-ல் ஓட்டலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். இருபதுக்குப் பத்து அடி காதணி விழா பேனர், எல்லா மாமன்களும் தனித்தனி லேயரில். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். 26 ஜிபியைத் தாண்டவில்லை. ஒரு ஜோடியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நிற்கவில்லை.

எலக்ட்ரீசியன் அண்ணன், எர்த் போட்ட பிறகுதான் என் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அம்மா இன்னமும் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.