மைனஸ் 850ஐ மட்டும் நம்பித் தோண்டாமல் விடாதீர்கள்

மண்ணுக்கடியில் போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் வெளிப்புற அரிப்பு என்று பேச்சு வந்தாலே முதலில் கேட்பது "பொட்டென்ஷியல் (குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான வோல்டேஜ்) எவ்வளவு?" என்றுதான். மைனஸ் 850 மில்லிவோல்ட், அல்லது அதற்கும் கீழே (இன்னும் மைனஸாக) என்றால் குழாய்க்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்துவிடும். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குழாய் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

குழாயின் மேல்பூச்சான கோட்டிங்கில் எங்காவது ஓட்டை விழுந்தால் அங்கே இரும்பு அரிக்காமல் இருக்க ரெக்டிஃபையரிலிருந்து (டிசி கரண்ட் தரும் கருவி) மண் வழியாகக் கரண்ட் அனுப்புகிறோம். மேலே நடப்பவர் மயில்துத்தக் கரைசலும் தாமிரக் கம்பியும் உள்ள எலக்ட்ரோடை மீட்டருக்கு மீட்டர் ஊன்றி, கரண்டை நிறுத்திய அந்தக் கணத்து ரீடிங்கை எடுப்பார். (கரண்ட் ஓடும்போது எடுத்தால் மண்ணில் விழும் வோல்டேஜும் சேர்ந்துகொண்டு, குழாயின் நிலையைக் கூட்டிக் காட்டும்.) அப்புறம் டிசிவிஜி, அதாவது மண்ணில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பார்த்து ஓட்டையைத் தேடும் சோதனை. இரண்டு கம்புகளை ஊன்றி நடக்கும்போது மீட்டர் முள் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டை இருக்கிறது. இரண்டும் நல்ல கருவிகள், இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் இரண்டுமே கரண்ட் போய்ச் சேரும் இடத்தைத்தான் காட்டும். கோட்டிங் கிழியாமல் இரும்பை விட்டு மட்டும் பெயர்ந்து, இடையில் தண்ணீர் புகுந்துவிட்டால், அந்தக் கோட்டிங்கே கரண்டை மறித்துவிடும். மேலே ரீடிங் அருமையாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். குழாயை ஒட்டிப் பெரிய பாறைக்கற்களைப் போட்டு மூடிய இடத்திலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் சிசன்வில்லில் 2012 டிசம்பர் 11 அன்று 20 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. 1967இல் போட்ட குழாய். 0.281 அங்குலம் இருந்த சுவர் ஓரிடத்தில் 0.078 அங்குலமாகத் தேய்ந்திருந்தது, அதாவது ஏழு மில்லிமீட்டர் இரண்டாகிவிட்டது. பள்ளத்தை மூடப் போட்ட கற்கள் கோட்டிங்கையும் கெடுத்திருக்கின்றன, பாதுகாப்புக் கரண்டையும் மறித்திருக்கின்றன. 1988க்குப் பிறகு அந்த லைனைச் சோதிக்கவே இல்லை. வீடுகள் எரிந்தன, பக்கத்து நெடுஞ்சாலை வெந்துபோனது, உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம்தான்.

சரி, குழாய்க்குள்ளே ஓடிச் சுவரின் தேய்மானத்தை அளக்கும் பிக் என்ற கருவியை விட்டுப் பார்த்தால் போதாதா? கலிஃபோர்னியாவின் ரெஃபூஹியோ கடற்கரை அருகே 2015 மே 19 அன்று உடைந்த 24 அங்குலக் குழாயில் இரண்டே வாரத்துக்கு முன்னால்தான் பிக் விட்டிருந்தார்கள். கச்சா எண்ணெயைச் சூடாக அனுப்ப ஃபோம் போர்த்தி, மேலே டேப் சுற்றிய குழாய் அது, ஈரம் உள்ளே தங்கிவிட்டது. உடைந்த இடத்தில் சுவர் பாதிகூடத் தேயவில்லை என்று காட்டியது பிக். வெளியே எடுத்து அளந்தபோது தேய்மானம் சுமார் 89 சதவீதம். எண்ணெய் கடல் வரைக்கும் போய்விட்டது.

அதனால்தான் தோண்ட வேண்டும் என்கிறேன். தோண்டியதும் கோட்டிங்கைச் சுரண்டித் தள்ளிவிடாதீர்கள். உப்பிய இடத்தைத் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறும். அங்கே கத்தியால் மெல்லக் கீறி, கசியும் தண்ணீரில் உடனே பிஎச் தாளை (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் தாள்) வையுங்கள். நல்ல காரத்தன்மை, ஒன்பதுக்கு மேல் என்று காட்டினால் கரண்ட் உள்ளே வந்திருக்கிறது. ஆறு ஏழு என்று நின்றால் வரவில்லை, மேலே மீட்டர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. காற்றுப் பட்டுக் காய்ந்துவிட்டால் இந்தத் தகவல் போய்விடும், கோட்டிங்கை உரித்த பிறகு யாராலும் திருப்பி எடுக்க முடியாது. ஃபோட்டோ, மண் சாம்பிள், இவை முடிந்த பிறகுதான் சுத்தம் செய்து இரும்பில் அரிப்பு விழுந்த குழிகளின் ஆழத்தை அளப்பது.

சர்வே எங்கே காட்டுகிறதோ அங்கே தோண்டுவார்கள், சரிபார்ப்புக்குக் குலுக்கல் முறையில் ஓரிடம் எடுப்பார்கள். அதோடு, பழைய டேப் சுற்றிய பகுதியிலோ, கல்லைப் போட்டு மூடியதாகப் பதிவிருக்கும் இடத்திலோ, ரீடிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்னொரு குழி தோண்டச் சொல்லிக் கேளுங்கள். பயிருக்கு நஷ்ட ஈடு, அனுமதி, ஜேசிபி வாடகை என்று காரணம் வரும். வரட்டும், எழுத்தில் கேளுங்கள். குழாய் போட்ட காலத்தில் பள்ளத்தை எதைப் போட்டு மூடினார்கள் என்ற பழைய ரெஜிஸ்டரையும் கூடவே கேளுங்கள், முடிந்தால் சர்வே தொடங்கும் முன்பே.