கத்தரித் தோட்டத்துக் கருவண்டுகள்

ஜூலை 8, சாம்பல்தீவு

காலை ஆறரைக்கே தோட்டத்தில் நின்றேன். கச்சான் காற்று எழும்பினால் பூவும் ஆடும், பூவுக்கு வரும் வண்டுகளை எண்ணும் என் கணக்கும் ஆடும். மரம் குடையும் பெரிய கரிய தேனீயான கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் வந்தன. சாதாரணத் தேனீ பெரும்பாலும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. கத்தரிப்பூவில் தேன் இல்லை. மகரந்தமோ குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது, நுனியில் மட்டும் சிறு துவாரம். கருவண்டு அந்தக் குழலைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கிறது. "ஙீ..." என்று ஒரு சத்தம், பொடி கொட்டிவிடும்.

ஜூலை 11

தோட்டக்கார ஐயா கேட்டார், "பிள்ளை, இந்த வண்டு தேன் தருமோ?"

"இல்லை ஐயா, கத்தரிக்காய்தான் தரும்."

நம்பவில்லை. பையிலிருந்து பற்றரி பல்துலக்கியை எடுத்துப் பூவில் தொட்டுக் காட்டினேன். கறுத்தத் துணியில் மஞ்சள் தூள் விழுந்தது. "உதுக்கோ கம்பஸில படிச்சனீர்?" என்று சிரித்தார். வேறென்ன சொல்வது, உதுக்குத்தான்.

ஜூலை 14

மழையும் இல்லை, மின்சாரமும் இல்லை. வாசிப்பு. பூவை அதிரவைப்பது பற்றி நான் சேர்த்து வைத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் பம்பிள் தேனீ என்ற மயிரடர்ந்த பருத்த தேனீ பற்றியவை. உலகில் 250 இனங்களுக்கு மேல் உண்டு, இலங்கையில் இயல்பாய் ஒன்றுகூட இல்லை. குளிர்நாட்டுப் பிறவி. கூட்டம் முழுதும் ஒரு வருடத்தில் அழிய, இளம் ராணி மட்டும் மண்ணுக்குள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். அமெரிக்காவில் ஓர் இனத்தை 2017இல் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். ஐரோப்பாவில் தக்காளிக்காகப் பெட்டியில் வளர்த்து விற்கிறார்கள். அப்படி வளர்ந்த இனத்தைச் சிலிக்குக் கொண்டுபோனதில் அந்நாட்டின் பெரிய செம்பழுப்பு இனம் அருகிவிட்டது. இங்கும் ஒரு பெட்டி இறக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. வரப்பில் பூ விடு, பம்பிள் தேனீ கூடு வைக்கும் பழைய எலிவளையை மூடாதே என்று குளிர்நாட்டார் சொல்லும் அறிவுரையில் பூ நமக்கும் பொருந்தும். எலிவளை பொருந்தாது. நம் கருவண்டுக்கு வேண்டியது பட்ட மரம்.

ஜூலை 17

ஆடிப்பிறப்பு. ஐயா வீட்டில் கூழ் குடித்துவிட்டுக் கொட்டிலுக்குள் போனால் மண்ணெண்ணெய் நாற்றம். கைமரத்தில் கருவண்டு குடைந்த துளைகளில் அவர் மகன் ஊற்றியிருக்கிறார். கூரை விழுந்துவிடுமாம். வேலிக்கும் கொங்கிரீட் தூண் போட்டாயிற்று. பழைய கப்புகள் விறகுக்கு.

அவரைப் பிழை சொல்லி என்ன? வீடு அவருடையது. ஆனால் தாய்வண்டு மரத்தைக் குடைந்து, மகரந்த உருண்டை வைத்து, ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் தடுப்புக் கட்டி, அப்புறம்தான் அடுத்த அறை. ஒரு துளையில் சில குஞ்சுகள்தான். தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை. இதைச் சொன்னதும் ஐயா, "சரி, அந்தக் கப்புகளை எரிக்காதையடா" என்றார்.

ஜூலை 20

நாலு கப்பையும் கிணற்றடியில் பூவரசு நிழலில் சாத்தியாயிற்று. மாலையில் ஒன்றின் கீழ் புதிதாய் மரத்தூள். கருவண்டா, வேறு பூச்சியா? நாளை விடிய டோர்ச்சோடு போக வேண்டும்.