முந்திக்கொண்டால் பந்தி

2020 பிப்ரவரியில், கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி (உட்கட்சித் தேர்தல்) வந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி தபால் ஓட்டை, போட்டியாளர்களில் ஒருவரான பீட் புட்டிஜெஜுக்குப் போட்டு, உறையில் கையெழுத்திட்டு, பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தார். மார்ச் 1 அன்று புட்டிஜெஜ் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். வாக்குப்பதிவு நாளோ மார்ச் 3! "போட்டதைத் திருப்பி வாங்க முடியுமாப்பா?" என்றார் பாட்டி. முடியாது பாட்டி.

இந்தத் தேர்தலை மாநிலங்கள் வெவ்வேறு நாளில் நடத்துவதால், அமெரிக்காவில் யார் வேட்பாளர் என்பதில் பாதி முடிவு காலண்டர் கையில். பைடனையே பாருங்கள். அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ஷயரில் ஐந்தாம் இடம். கடையைக் கட்டவேண்டிய நிலை. பிப்ரவரி 29இல் சவுத் கரோலினா வந்தது. அங்கே ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட வந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அள்ளிக் கொடுத்தார்கள். மூன்றே நாளில், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் 'சூப்பர் செவ்வாய்'. 14 மாநிலங்களில் 10 அவருக்கு. அதே சவுத் கரோலினா ஏப்ரலில் இருந்திருந்தால், மனிதர் அதுவரை தாக்குப்பிடித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

கடைசிப் பந்திக்கு ரசம்கூட மிஞ்சாது. 2016இல் கலிபோர்னியா ஜூன் 7இல் ஓட்டுப் போட்டது. முந்தின நாள் ராத்திரியே ஹிலரிதான் வேட்பாளர் என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. பிறகுதான் கலிபோர்னியாக்காரர்கள் மார்ச்சுக்கு மாறினார்கள்.

நியூ ஹாம்ஷயர் மட்டும் அசையாது. முதல் பிரைமரி எங்களுடையதுதான் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். 2024இல் ஜனநாயகக் கட்சி சவுத் கரோலினாவை முன்னே கொண்டுவந்தும், ஜனவரி 23இலேயே நடத்திவிட்டார்கள். அதனால் வாக்குச்சீட்டில் பைடன் பெயரே இல்லை. பேனாவால் எழுதி ஜெயிக்கவைத்தார்கள்!