அஞ்சாம் நம்பர் பட்டனோட மூணு வாரம்

ஒருவழியா நேத்து ராத்திரி என் ஷார்ட்வேவ் ரேடியோவோட கீபேட்ல ஸ்டேஷன் நம்பர் 15580ன்னு அடிச்சேன், டிஸ்ப்ளேல 15580ன்னே வந்துச்சு. இதுல என்ன பெருமைன்னு நினைப்பீங்க. மூணு வாரமா இந்த செட்ல எதை அடிச்சாலும் வேற ஏதாவதுதான் வந்துக்கிட்டு இருந்துச்சு.

செட் 20 வருஷத்துக்கு மேல பழசு, 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கற டேபிள்டாப் ரிசீவர், பிராண்ட் பேர் வேணாம், பாவம் வயசான காலத்துல. கிலோஹெர்ட்ஸ் கணக்குல நம்பரை அடிச்சு என்டர் தட்டணும். கீபேட் இல்லாம டயல்லயே ஓட்டலாமேன்னு சொல்றவங்க ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க: என் டயல் ஒரு சுத்துக்கு 5 கிலோஹெர்ட்ஸ், 7100ல இருந்து 15580க்குப் போக கிட்டத்தட்ட 1700 சுத்து. மெகாஹெர்ட்ஸ் தாவற பட்டன் இருக்குதான், ஆனா அதைத் தட்டித் தட்டி மேல போயி அப்புறம் டயலைப் பிடிச்சு கீழ வந்து... போதும்டா சாமி.

முதல் நாள் 15580 அடிச்சா டிஸ்ப்ளேல வெறும் 1 மட்டும் நிக்குது, என்டர் தட்டினா பீப்னு ஒரு திட்டு. 2, 5, 8, 0 நாலுமே செத்துப் போச்சு. நாலு பட்டனோட ரப்பர் ஒரே நாள்ல போகாதுல்ல, அதுவும் நாலும் நடு வரிசையில மேல இருந்து கீழ வரைக்கும். கீபேட் உள்ள அந்த நெட்டு வரிசைக்குப் பொதுவா இருக்கற ஒயர் எங்கயோ விட்டுப்போச்சுன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. முன் பேனலைக் கழட்டிப் பாத்தா ரிப்பன் கேபிள் கனெக்டரோட ஒரு கால்ல சால்டர் மோதிரம் மாதிரி வட்டமா விரிசல் விட்டு நிக்குது. சூடு காட்டி புது ஈயம் வெச்சேன், பத்து நிமிஷ வேலை.

இதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே இல்ல. மூடிட்டு 15580 அடிச்சா நேரா லாங்வேவுக்குப் போயி 180ல உக்காந்துக்குது! திரும்ப அடிச்சா 1580, மீடியம்வேவ். அதாவது 2, 8, 0 திரும்பி வந்துடுச்சு, அஞ்சு மட்டும் சில சமயம் ரெண்டு தட்டுல ஒண்ணு பதியுது, சில சமயம் ரெண்டுமே இல்ல. ரெண்டு கோளாறு ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. கட்டை விரலால நசுக்கி அமுக்கினா வருது, அப்படி அமுக்கினா செட்டே மேஜையில பின்னாடி நகருது.

திரும்பவும் கழட்டி மல்டிமீட்டர்ல ஒவ்வொரு பட்டனோட ரப்பர் அடியில இருக்கற கார்பன் வட்டத்தையும் அளந்தேன். மத்ததெல்லாம் 100ல இருந்து 200 ஓம், அஞ்சு மட்டும் 6 கிலோ ஓம். அந்தக் காலத்துல யாரோ 5ஐயே போட்டுக் குத்தியிருக்காங்க. போர்டு பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சேன், வட்டத்தை வெள்ளைப் பேப்பர்ல லேசாத் தேய்ச்சேன். உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சுடாதீங்க, மிச்சம் இருக்கற கார்பனும் தாளோட போயிடும். 6 கிலோ 4 கிலோ ஆச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் பென்சில் ஊசியை வட்டத்து மேல தேய்ச்சேன். எல்லாரும் சொல்ற வைத்தியம், ரெண்டு நாள் ஜோரா வேலை செஞ்சுது, மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்தது அலுமினியத் தாள், ரப்பர் அடியில வட்டமா வெட்டி ஒட்டினேன். மீட்டர்ல ஒரு ஓம் கூட இல்ல, நான் பெரிய விஞ்ஞானின்னு நினைச்சுக்கிட்டு மூடினேன். 15580 அடிச்சா 155580ன்னு வருது! தாள் ஒட்டின இடம் சுருங்கி, அமுக்கும்போது தொட்டு விட்டுத் தொடுது, உள்ள இருக்கற பழைய சிப்பு அதை ரெண்டு தட்டுன்னு எண்ணிக்குது. கார்பன் நசுங்கி மெதுவா பிடிக்கும், உலோகம் துள்ளும்னு படிச்சிருந்தாலும் பட்டாத்தான் புத்தி வருது. ஒட்டின பசையைச் சுரண்டி எடுக்க மட்டும் ஒரு சாயங்காலம் போச்சு.

நடுவுல ரிமோட் ரிப்பேருக்குன்னு ஆன்லைன்ல விக்கற ரெடிமேட் கார்பன் வட்டமும் வாங்கினேன். தடிமன் ஜாஸ்தி, ஒட்டினா பட்டன் அமுக்காமலே அமுங்கின மாதிரி நிக்குது. வாங்கறதுக்கு முன்னாடி தடிமன் என்னன்னு கேட்டுக்கோங்க, படத்துல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடைசில கை கொடுத்தது கிராஃபைட் பெயிண்ட். பல்குத்திற குச்சி முனையில ஒரு சொட்டு, மெல்லிசா ஒரு பூச்சு, முழுசா ஒரு நாள் காய விட்டு இன்னொரு பூச்சு. முதல் தடவை அவசரப்பட்டு தடிமனா பூசி அது தோலா உரிஞ்சு வந்துடுச்சு, அதைச் சொல்லாம விட்டா பாவம். இப்ப 180 ஓம், மெல்ல தொட்டாலே பதியுது.

சோதிக்க நான் அடிக்கறது நேரம் சொல்ற கனடா ரேடியோ நிலையம் சிஎச்யுவோட மூணு நம்பர்: 3330, 7850, 14670. கேக்குதோ இல்லையோ அது வேற கதை, இந்த மூணுலயும் சேத்து 2ம் 9ம் தவிர எல்லா பட்டனும் வந்துடும். 2க்கு 2500, 9க்கு 31 மீட்டர் பேண்ட்ல (9 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஏதாவது ஒண்ணு.

கீபேட் சரியானதும் இன்னொரு எரிச்சல் ஞாபகம் வந்துச்சு. நம்பர் அடிச்சா ஃப்ரீக்வென்சி மட்டும்தான் மாறும், மோட் (சிக்னலைப் பிரிச்சுக் கேக்கற முறை) மாறாது. 40 மீட்டர் பேண்ட்ல எல்எஸ்பி (லோயர் சைட்பேண்ட்) மோட்ல கேட்டுக்கிட்டு இருந்து அப்படியே 6676 அடிச்சா விமான வானிலை அறிக்கை வாத்து சண்டை மாதிரி கேக்கும், அது யுஎஸ்பி (அப்பர் சைட்பேண்ட்) மோட். அடிக்கடி போற இடத்தையெல்லாம் மோடோட சேத்து மெமரில போட்டு சேனல் நம்பரைத் தட்டிக் கூப்பிடறதுதான் வழி. இன்னொண்ணு, ஐகாம் ஆர்75 மாதிரி மெகாஹெர்ட்ஸ் கணக்குல புள்ளி வெச்சு அடிக்கற செட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்காதீங்க, கை குழம்பிடும்.

மெமரின்னதும் பேக்கப் பேட்டரி கவலை வந்துடுச்சு. ஐகாம் ஆர்71ல ரேம் பேட்டரி செத்தா உள்ள இருக்கற புரோகிராமே போயி செட்டே படுத்துடும், என்னுதுல நல்லவேளை சேனல் மட்டும்தான் போகும். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டுத்தான் மாத்தணும், பாதி எழுதியாச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. மூடறதுக்கு முன்னாடி கடைசியா அளந்தப்போ 4ம் 6ம் 300 ஓம் தாண்டியிருந்துச்சு, அப்ப கண்டுக்காம ஸ்க்ரூவைப் போட்டுட்டேன். பாட்டில்ல பெயிண்ட் காயறதுக்குள்ள திரும்பவும் கழட்டணும்.