மினிக்கோய் கொய்யா இலையில் கிடைத்த குளவி

லட்சத்தீவின் மினிக்கோய்க்கு நான் போனது குளவிக்காக இல்லை. தென்னையில் காண்டாமிருக வண்டைக் கணக்கெடுக்கும் சின்ன வேலை ஒன்று, அதற்கு உதவியாளராகப் போனேன். கொச்சியிலிருந்து கப்பலில் ஏறி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் தீவை மலிக்கு என்கிறார்கள், தங்களுக்குள் மஹல் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்ததோ பொள்ளாச்சிப் பக்கத்து அரைகுறை மலையாளம். அதை வைத்தே சமாளித்தேன்.

தங்கியிருந்த வீட்டின் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கப் பஞ்சும் மெழுகும், நடுவே கைரேகை மாதிரி சுருண்ட வெள்ளைக் கோடுகளும். சுருள் வெள்ளை ஈ, இலைச் சாற்றை உறிஞ்சும் பூச்சி. 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் இறங்கி எங்கள் ஊரையே புலம்ப வைத்த வேறொரு வெள்ளை ஈக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன் முறை, அறிவியல் பெயர் அலூரோடைகஸ் டிஸ்பெர்சஸ். கரீபியன், மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து கிளம்பி, 1990-களில் கேரளத்தில் தலைகாட்டியது.

அந்த வீட்டு அம்மா பின்னாலேயே வந்து நின்றார். "மோளே, இது என்ன சாதனம்? சோப்புத் தண்ணி அடிச்சா போகுமா?" லட்சத்தீவு முழுவதும் 2020-ல் இயற்கை வேளாண் பகுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டது, பூச்சிமருந்துக் கடைப் பேச்சுக்கே அங்கே இடமில்லை. "பார்த்துச் சொல்றேன்மா" என்றேன்.

கை லென்ஸில் பார்த்தபோதுதான் விஷயம் வேறு மாதிரி போனது. வெள்ளை ஈ முதிர்ந்து வெளியேறினால் கூட்டுப்புழுவின் முதுகு ஆங்கில 'T' எழுத்து வடிவில் பிளந்திருக்கும். ஒட்டுண்ணிக் குளவி உள்ளேயே வளர்ந்து கடித்துக்கொண்டு வந்தால், ஊசியால் குத்தியது போல வட்டமான துளை. அந்த இலையில் நான் எண்ணியவற்றில் பாதிக்கு மேல் வட்டம். அதாவது, யாரும் சொல்லாமலே அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

இலைத் துண்டுகளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை மஸ்லின் துணியால் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்தேன். அடுத்த சில நாளில் குழாயின் மேல்பக்கத்தில் தூசி நகர்ந்தது. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத குளவிகள். மஞ்சள் உடம்பு சில, கொஞ்சம் கருத்தவை சில. என்கார்சியா என்ற பேரினம் என்பது வரைக்கும் எனக்கே தெரிந்தது. ஒதுக்குப்புறமான ஒரு தீவு, அங்கே ஒரு ஒட்டுண்ணிக் குளவி. புதுப் பதிவு என்று மனசுக்குள் கட்டுரைத் தலைப்பே எழுதியாயிற்று.

முதல் தப்பை அங்கேயே செய்தேன். குளவிகளை ஆல்கஹாலில் போட்டு, கூடவே லேபிளை பால்பாயிண்ட் பேனாவில் எழுதிப் போட்டேன் என்றால் யாராவது நம்புவார்களா? எம்.எஸ்சி. முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம், லேபிள் என்றால் பென்சில். கப்பல் கொச்சி வந்து சேர்வதற்குள் மை கரைந்து ஆல்கஹால் நீலமாகிவிட்டது. ஆறு குழாயில் இரண்டுக்கு எந்த மரம், எந்தத் தேதி என்று சொல்ல முடியவில்லை. அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, ஆனால் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

அப்புறம் ஸ்லைடு. இந்த அளவுக் குளவியைக் குண்டூசியில் குத்திப் பார்ப்பதெல்லாம் நடக்காது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு உள்ளே இருக்கும் சதையைக் கரைக்க வேண்டும், தோல் மட்டும் மிஞ்ச வேண்டும். பிறகு படிப்படியாகச் செறிவு கூடிய ஆல்கஹால், அடுத்து கிராம்புத் தைலம், கடைசியில் ஸ்லைடில் ஒட்ட கனடா பால்சம் என்ற பிசின். கிராம்புத் தைல வாசனையில் ஆய்வகமே பல் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும். முதல் தொகுதியை இரவு முழுக்கக் காரத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. உணர்கொம்பு எங்கே, இறகு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பன்னிரண்டு போச்சு. ஆய்வகத்து அக்கா மட்டும், "முதல் தடவை எல்லாருக்கும் சூப்தான்" என்று சிரித்துக்கொண்டே பக்கத்து மேசைக்குப் போனார்.

இரண்டாவது தொகுதியில் தலையைத் தனியாகப் பிரித்து, இறகுகளைத் தனியாகப் பரப்பி, உடம்பைக் குப்புற வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு மூன்று குளவி. மூச்சு வேகமாக விட்டால் இறகு பறந்துவிடும். மின்விசிறியை அணைத்துவிட்டு, சித்திரை வெயிலில், வியர்வை ஸ்லைடில் விழாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாதம்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எண்ணுவதுதான் வேலை. என்கார்சியாவில் 400 இனங்களுக்கு மேல் உண்டு. நடுக்காலின் பாதத்தில் கணுக்கள் நான்கா ஐந்தா, முன்னிறகில் நரம்புக்கருகே மயிரில்லாத திட்டு இருக்கிறதா, நடுமுதுகில் எத்தனை மயிர், உணர்கொம்பின் எந்தக் கணு எதைவிட நீளம், முட்டையிடும் குழல் நடுக்காலோடு ஒப்பிட்டால் எவ்வளவு. அடையாளக் குறிப்புகள் அநேகமாகப் பெண் குளவிக்கே எழுதப்பட்டவை. நல்லவேளை, என்னிடம் இருந்தவை எல்லாம் பெண். இந்தப் பேரினத்தின் ஆண்கள் விவகாரமே தனி: பல இனங்களில் பெண் குஞ்சு வெள்ளை ஈக்குள் வளரும், ஆண் குஞ்சோ தன் இனத்துப் பெண் புழுவையே தின்று வளரும். அக்காவைத் தின்று வளரும் தம்பி.

டி.என்.ஏ. பக்கமும் போனேன். இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டு, அதாவது பார்கோடு, இரண்டு முறையும் வரவில்லை; 28எஸ் என்ற வேறொரு துண்டு வந்தது. தரவுத்தளத்தில் தேடினால் "என்கார்சியா எஸ்பி.", அதாவது ஏதோ ஒரு என்கார்சியா இனம், என்று பதில் வந்தது. அதை நானே சொல்லியிருப்பேனே!

வேறு வழியில்லாமல் பழைய கட்டுரைகளைக் கிளறினேன். அங்கேதான் என் தலைப்பு செத்தது. 2000-ல் உயிரியல் கட்டுப்பாடு பற்றிய ஓர் இந்திய இதழில் ஒரு கட்டுரை: லட்சத்தீவில் சுருள் வெள்ளை ஈயின் மேல் தானாகவே வந்து சேர்ந்த ஒரு ஒட்டுண்ணிக் குளவி. யாரும் கொண்டுபோய் விடவில்லை, ஈ வந்த இலையோடு குளவியும் வந்திருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. மினிக்கோயிலிருந்தே என்கார்சியாவைப் பிடித்து நிலப்பகுதிக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் புதுசு என்று தூக்கிக்கொண்டு வந்த பாதையில் எனக்கு முன்பே குளவி பயணம் செய்திருக்கிறது.

அந்தக் காலத்துக் கட்டுரைகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: "என்கார்சியா ?ஹைத்தியென்சிஸ்". பெயருக்கு நடுவே கேள்விக்குறி. அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அடுத்த கட்டுரையிலும் அதே குறி. பெங்களூருவில் இருந்த ஒரு மூத்த வகைப்பாட்டாளரிடம் ஸ்லைடு பெட்டியோடு போய் நின்றபோது கேட்டேன்.

"பிழை இல்லைம்மா. ஹைத்தியென்சிஸ் மாதிரி இருக்கு, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்னு அர்த்தம்."

அந்தச் சந்தேகம் சரிதான். 2004-ல் வகைப்பாட்டாளர் ஆண்ட்ரூ போலாசெக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் என்கார்சியா மெரிடோரியா என்ற இனப் பெயரைச் சுற்றியிருந்த குழப்பத்தை உருவத்தாலும் டி.என்.ஏ.வாலும் பிரித்துப் பார்த்தார்கள். சுருள் வெள்ளை ஈயைத் தாக்கிக்கொண்டிருந்த அந்தக் குளவி ஹைத்தியென்சிஸே இல்லை என்று தெரிந்து, டிஸ்பெர்சா என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். பெயர் வருவதற்கு முன்பே, கேள்விக்குறியோடேயே அது பல நாடுகளில் கொய்யாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. புதுப் பெயரில் பழைய குளவியைப் பார்த்துவிட்டு, இந்தத் தீவுக்குப் புதுசு என்று அறிவிக்கும் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 2004-க்குப் பிந்தைய பெயரை மட்டும் தேடினால், பழைய பதிவு கண்ணிலேயே படாது.

சார் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். தன்னிடம் இருந்த பழைய ஸ்லைடுகளை எடுத்து ஒவ்வொன்றாக அருகருகே வைத்துப் பார்த்தார். மஞ்சளாக இருந்தவை டிஸ்பெர்சா, கருத்தவை என்கார்சியா குவாதலூபே. பொள்ளாச்சித் தென்னையில் புது வெள்ளை ஈயை அடக்கிக்கொண்டிருப்பதும் இந்தக் குவாதலூபேதான். எங்கள் தோட்டத்துக் குளவியைப் பார்க்க நான் கடல் தாண்டிப் போயிருக்கிறேன்! மூன்று ஸ்லைடுகளைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. "உன் ஸ்லைடு நல்லா இல்லை, நல்லதா இன்னும் நாலு கொண்டா" என்றார். அந்த மூன்றும் லேபிள் மை கரைந்துபோன அந்த இரண்டு குழாய்களில் இருந்து வந்தவை.

எல்லாம் முடிந்தபோது பதினாலு மாதம் ஆகியிருந்தது. மினிக்கோய் அம்மாவுக்குப் போன் போட்டு, அந்த ஈயைத் தின்ன உங்கள் கொல்லையிலேயே இரண்டு குளவி இருக்கிறது, சோப்புத் தண்ணி அடிக்காதீர்கள், குளவியும் சேர்ந்து செத்துவிடும் என்று ஒப்பித்தேன்.

"எந்த ஈ?" என்றார். "அதெல்லாம் போன மழையிலேயே போயிடுச்சே மோளே. கொய்யா நிறையக் காய்ச்சிருக்கு. எப்போ வரே?"