எட்டுப் போயா, ஒரு சீ.ஆர். கொப்பி

நான் எழுதிவருகிற நாவல் இன்று காலை 35,200 சொல்லில் நிற்கிறது. அடுத்த கிழமை நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம். திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் ஒரு வரி நகராது என்று தெரிந்தபடியால் இப்போதே கணக்கை முடித்து வைக்கிறேன். கூட்டுறவுச் சங்கக் கடைக் கந்தோரில் பதினாறு வருடமாகக் கணக்கெழுதுகிறவனுக்கு வேறு விதமாக யோசிக்க வராது.

முதலில் தோற்ற கதை. அமெரிக்காவில் 1999இல் 21 பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு பழக்கம் இருக்கிறது: ஒரே மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. அடுத்த வருடமே அதை நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள். கெட்ட காலநிலையில் ஆக்கள் வீட்டுக்குள் இருந்து எழுதுவார்கள் என்ற எண்ணமாம். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்த 1,667 மட்டும் எங்கள் எழுத்துக் குழுவுக்குள் எப்படியோ வந்து குந்திக்கொண்டது. போன நவம்பரில் நானும் இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் நவம்பர் மழை ஆளை எழுத இருத்துகிற மழை இல்லை. குசினியில் மூன்று இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்து, வாளி ஊற்றி, திரும்ப வாளி வைத்ததில் பதினொரு நாளில் 4,100 சொல். பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தது, அதோடு சரி. அந்த 4,100இல் இன்று உயிரோடு இருப்பது 1,000.

தோற்ற பிறகுதான் உறைத்தது, அந்தக் கணக்கே எங்கள் மொழிக்குச் சரிவராது என்று. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதைக் கொம்பியூட்டர் ஒரு சொல் என்றுதான் எண்ணும். அதையே ஆங்கிலத்தில் சொல்ல அஞ்சாறு சொல் வேண்டும். வேற்றுமையும் வினையும் பலகாரத்துக்குப் பாகு மாதிரி ஒட்டிக்கொள்கிற மொழியில் 1,667 என்பது வேறு ஒரு மலை. மார்கழியில் திரும்பத் தொடங்கியபோது நாளுக்கு 300 என்று வைத்தேன். கூடினால் சந்தோசம், குறைந்தால் மனைவியிடம் சொல்வதில்லை.

நேரம், விடிய நாலேகாலில் இருந்து ஐந்தரை வரை. எங்கள் வீட்டில் வேறு நேரம் இல்லை. ஐந்தரைக்குக் குசினியில் புட்டுக்கு மா குழைக்கிற சத்தம் கேட்கும், ஆறுக்கு மோட்டர் போட்டுத் தண்ணி ஏற்ற வேண்டும், ஏழேகாலுக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் கந்தோர். பின்னேரம் ரியூசன் ஏற்றி இறக்கல். இரவு எட்டரைக்குப் பிறகு என் மூளை கழுவின கற்பலகை. அப்போது எழுதினதையெல்லாம் விடியப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

மார்கழி, தை இரண்டிலும் மாதம் மூவாயிரத்தை ஒட்டி வந்தது. மாசியில் விழுந்துவிட்டேன். 1,850. வழக்கம்போல் வீட்டில் பழி போட்டேன். "இந்த வீட்டிலை மனிசன் இருந்து ஒரு பக்கம் எழுதேலுமோ" என்று ஒருநாள் சத்தமாகவே சொன்னேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. மேசையில் கிடந்த, தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு, "கணக்கப்பிள்ளை எல்லோ, கூட்டிப் பாருங்கோவன்" என்றா.

அந்தக் கொப்பியில் நான் சொல்லோடு நிமிடமும் எழுதி வந்திருந்தேன். கூட்டிப் பார்த்தேன். மாசியில் மேசையில் இருந்தது 22 விடியல், மொத்தம் 1,650 நிமிடம். அம்மாவின் குளிசை, மகளின் இருமல், தண்ணி மோட்டர் எல்லாம் சேர்த்து வீடு எடுத்தது 130 நிமிடம். எழுதினது 580. மிச்சம் 940 நிமிடமும் போன்.

போன் என்றால் படம் பார்த்தது இல்லை. எங்கள் எழுத்துக் குழுவின் வட்ஸ்அப் குறூப். உள்ளூரில் ஏழு பேர், வெளியில் பதினாலு பேர், அதில் பாதி கனடா. எனக்கு விடிய நாலரை என்றால் ரொறொன்ரோவில் முதல்நாள் பின்னேரம் ஆறு மணி, கோடையில் ஏழு. வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, இலக்கியம் கதைக்க அவர்களுக்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை. எனக்குக் கிடைக்கிற ஒரே அமைதி அவர்களுடைய சந்தைக் கூட்டத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது, இவ்வளவு நாளாக எனக்கு அது தெரியவில்லை.

மாசியில் ஒரு விவாதம் நடந்தது. எங்கள் பேச்சுத் தமிழை உரையாடலில் மட்டும் வைப்பதா, கதைசொல்லலிலும் வைப்பதா. மூன்று நாள், 214 செய்தி. நான் போட்டது 11. அந்தப் பதினொன்றையும் எடுத்துச் சொல் எண்ணிப் பார்த்தேன்: கிட்டத்தட்ட 900. அந்த மாதம் நாவலுக்குக் கொடுத்ததில் பாதி. விவாதம் நல்ல விவாதம்தான், என்னுடைய ஏழாவது செய்தி நல்லாகவே இருந்தது. நாவலில்தான் அது இல்லை.

போனை நிற்பாட்டி வைத்துப் பார்த்தேன், திரும்பப் போடக் கை நீளும். அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன், அலுமாரிக்கும் கால் நடக்கும். கடைசியில் கைகொடுத்தது அம்மாவின் சட்டம். எங்கள் வீட்டில் குளிக்காமல் சாமியறைக்குள் ஆரும் கால் வைக்கேலாது. பின்னேரம் குளித்து விளக்கேற்றும்போது போனைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். விடிய அது வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போய் வாளி அள்ளிக் குளிக்க வேண்டும். நாலேகாலுக்கு அந்த அளவு இலக்கிய ஆர்வம் எனக்கு இல்லை. எழுப்புகிறது அம்மா, அவ எப்படியும் நாலு மணிக்கு எழும்பிவிடுவா. முதல் கிழமை உள்ளே இருந்து போன் உறுமும்போது, "தம்பி, பிள்ளையார் ஆரோடை கதைக்கிறார்?" என்று கேட்டா.

பங்குனியில் 23 விடியல், 6,700 சொல். அதற்குப் பிறகு எந்த மாதமும் ஐயாயிரத்துக்குக் கீழே போகவில்லை. இந்த ஆடி மட்டும் 4,450இல் நிற்கிறது, மாதம் இன்னும் முடியவில்லை.

குழுவை விட்டுவிட்டேனோ என்று கேட்பீர்கள். இல்லை. குறூப்பில் ஞாயிறு மத்தியானம் மட்டும் எட்டிப் பார்க்கிறேன். குழுவின் உண்மையான பெறுமதி போயாக் கூட்டத்தில் இருக்கிறது. மாதம் ஒருக்கால், போயா என்கிற பூரணை நாளில் எல்லோருக்கும் லீவு, கொக்குவிலில் ஒருவர் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் கூடுவோம். ஆளுக்கு மூன்று பக்கம். எழுதினவர் வாசிக்கக் கூடாது, வேறொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதினவர் வாயைத் திறக்கவும் கூடாது. இந்தச் சட்டம் போட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். வைகாசியில் என் பக்கத்தை வாசித்தது பருத்தித்துறையில் இருந்து 750 பஸ் பிடித்து வருகிற தங்கச்சி ஒருத்தி. ஒரு வசனத்தில் மூச்சு வாங்கி நின்றாள். திரும்பத் தொடங்கினாள், திரும்ப அதே இடத்தில் நின்றாள். "அண்ணா, இதிலை சைக்கிளிலை போறது ஆர், விழுறது ஆர்?" நான் பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை நாலாக உடைத்தேன். 214 செய்தி எனக்குத் தராததை அவள் விட்ட அந்த மூச்சு தந்தது.

இடையில் ஒரு கூத்து. நான் கந்தோரில் பழகின, பாமினி என்கிற பழைய எழுத்துருவின் விசைப்பலகையில் அடிக்கிறவன். சித்திரைக் கூட்டத்துக்கு மூன்று பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். எழுத்துரு இல்லாத போன்களில் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தது. பிறகு யுனிகோட்டுக்கு மாற்றி அனுப்பினேன். வேறு இடத்தில் இருந்து வெட்டி ஒட்டின பகுதியில் காற்புள்ளி எல்லாம் 'இ' ஆகிவிட்டது, பாமினியில் அந்த விசைக்கு எழுத்து அதுதான். "வாங்கோஇ இருங்கோஇ தேத்தண்ணி குடியுங்கோ" என்று சேர் ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார். என் கதாநாயகிக்கு இப்போதும் குழுவில் 'இ அக்கா' என்றுதான் பேர். புது அத்தியாயங்களை நேரே யுனிகோட்டில் அடிக்கிறேன், வேகம் பாதி.

இனி, செத்துப்போன அத்தியாயம். நாவல், யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு எண்ணெயும் சவுக்காரமும் தட்டுப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு சைக்கிள் திருத்துகிறவரின் கதை. 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்த நாள். அதற்கு முதல்நாள் இரவோடு கதை முடியும். அப்போது எனக்குப் பத்து வயது. நினைவு இருக்கிறது என்று நம்பி எழுதினேன். நாலாம் அத்தியாயத்தில் ஜாம் போத்தல் விளக்கு தட்டுப்பட்டு விழ, எண்ணெய் ஊற்றுப்பட்டு, கடை எரிகிறது. 3,200 சொல். நான் இதுவரை எழுதினதில் நல்லது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்குக் கண் மங்கல், அதனால் மகள் வாசித்துக் காட்டினாள். எரிகிற இடம் வந்ததும் அம்மா கையை நீட்டி நிற்பாட்டினா.

"ஜாம் போத்தலுக்கை ஊத்துப்படுற அளவுக்கு எண்ணெய் ஆரிட்டை இருந்தது, தம்பி?"

பிறகு விரலால் மேசையில் போத்தல் கீறிக் காட்டினா. அடியில் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். திரி நடுவில், சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காத்து வந்தாலும் அணையாது. விழுந்தால் உருளும், அவ்வளவுதான். "நீ அதிலைதான் படிச்சனி" என்றா. அந்த வெளிச்சத்தில் படித்தவனுக்கு அது எப்படி எரிந்தது என்று தெரியவில்லை.

குப்பி விளக்கு என்று மாற்றலாம்தான். ஆனால் அந்தக் கடையில் அந்த வருடம் ஜாம் போத்தல்தான் இருந்திருக்கும். அத்தியாயத்தை வெட்டினேன். கடை எரியவில்லை. எரியாத கடையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று இரண்டு கிழமை அலைந்தேன். இப்போது அந்த இடத்தில் விளக்கு உருண்டு போகிறது, ஆள் இருட்டில் தவழ்ந்து தேடுகிறார், 600 சொல். சேர் ஒரு பங்கு கொடுத்தார்: ஸ்ரார்ட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டச்சைக்கிள், அதன் புகை, அந்த மணம். அது ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

மனைவி இதுவரை வாசித்தது இரண்டு அத்தியாயம். ஒரே ஒரு கேள்வி கேட்டா. "என்னப்பா, உங்கடை கதையிலை வாற மனிசிக்குப் பாத்திரம் கழுவுற வேலையே இல்லையோ?" சவுக்காரத்துக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தை எழுதுகிறேன், ஒரு பாத்திரம்கூடக் கழுவப்படவில்லை. அன்றிலிருந்து இரவுப் பாத்திரம் நான் கழுவுகிறேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்கிறேன், அவ சிரிப்பதில்லை.

ஆராய்ச்சி என்றதும் ஒன்று. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளை அரை மணித்தியாலம் பார்ப்போம் என்று திறந்தால் இரண்டு மணித்தியாலம் போகும். அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன், மகளின் ரியூசன் வாசலில் மோட்டச்சைக்கிளில் இருந்தபடி.

மகளுக்கு இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை. ஆனியில் இருந்து அவளும் ஐந்து மணிக்கு எழும்பி மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கிறாள். பேசக் கூடாது என்று ஒப்பந்தம். அவளுக்குக் கணக்கு வராவிட்டால் தாளை என் பக்கம் தள்ளுவாள், நான் செய்து திருப்பித் தள்ளுவேன். எனக்குச் சொல் வராவிட்டால் நானும் தள்ளிப் பார்த்தேன். "அப்பா, இது எத்தினை மார்க்ஸ்?" என்று எழுதித் திருப்பிவிட்டாள்.

நேற்று ஓகஸ்ட் பக்கத்தைக் கீறி வைத்தேன். திருவிழா நாட்களுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, சொல் 0, நிமிடம் 0 என்று முன்கூட்டியே போட்டாயிற்று. போயாக் கூட்டமும் அந்த மாதம் இல்லை. பதின்மூன்றாம் அத்தியாயம் ஒரு வரியோடு நிற்கிறது: ரிம் நேராக்குகிற ஆள், சில்லைச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். என்ன கேட்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. இன்று விடியக் கொப்பியைத் திறந்தால், என் கோட்டுக்கு மேலே மகள் பென்சிலால் 'சோதினை' என்று எழுதி, நிமிடம் என்ற இடத்தில் என் பூச்சியத்தை அழித்துவிட்டு 75 போட்டிருக்கிறாள்.